பத்து கே.வி.ஏ. சிவக்கொழுந்தும் ஒன்றரை ஆம்பியரும்

டிசம்பர் 1, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரை உடனே டாக்டரிடம் காட்டுவது நல்லது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே உள்ள புதுக்கரை என்னும் மாநகரத்தில், இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸின் ஸ்தாபகரும் நிரந்தரத் தலைவரும் ஒரே தொழிலாளியுமான சிவக்கொழுந்து ஆகிய நான், தலைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். யார் தலைமேல் என்பதைக் கேட்கக் கூடாது.

முந்தாநாள் அடித்த புயலில் ட்ராக்டர்காரன் தவமணி வீட்டுத் தகரக் கொட்டகை எழும்பி, கடலைத் தாண்டி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கே ஒரு கல்யாணத்துக்குப் பந்தலாக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தவமணிக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் நின்ற தென்னைகள் அத்தனையும் மேற்கே தலைவைத்துப் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் தென்னைகளைப் பார்த்து, தாங்களும் ஓய்வெடுக்கலாமே என்று பக்கத்தில் படுத்தன. ரோடு முழுக்க மரம். செல்போன் கோபுரம் குட்டிக்கரணம் போட்டுக் கிடக்கிறது.

இதையெல்லாம் எழுதி எழுதி பவுனு அக்காவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அக்கா என்றால் எனக்கு மூத்தவள், என்னை வளர்த்தவள், நான் பொய் சொல்லும்போது முதலில் கண்டுபிடிப்பவள். நுரையீரல் நார்நாராக இறுகிப்போய் ஒரு வருஷமாகக் கட்டிலோடு இருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, சலித்து, ஒரு குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்புகிறது. இரவும் பகலும் ஓடவேண்டும். விரலில் மாட்டுகிற மீட்டரில் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் அவள் என்னைத் திட்டுவாள். தொண்ணூறுக்குக் கீழே போனால் திட்டமாட்டாள். ஆகவே அவள் திட்டுவதே எங்களுக்குச் சங்கீதம்.

கரண்ட் இல்லை. ஆனால் கவலையும் இல்லை. என்னிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்ட்டில் '10 KVA' என்று, அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் வாட் என்று, கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஸ்பீக்கர் பெட்டிகளில் '10,000 வாட்ஸ்' என்று இருக்கும். எங்கள் தொழிலில் வாட்ஸை அளப்பது மீட்டர் அல்ல, பெயிண்டர். கோடியக்கரை வரைக்கும் எந்த மைக் செட்டுக்காரனைக் கேட்டாலும் இதே வழக்கம்தான்.

மிஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தேன். 230 வோல்ட், 1.5 ஆம்பியர். பெருக்கினால் 345 வாட். இதுதானா? என் ஒரு பாடல் இடைவேளைக்குக்கூடக் காணாதே என்று அக்காவிடம் சொன்னேன்.

"சும்மா அளக்காதடா," என்றாள். மீட்டர் 92.


டிசம்பர் 2, திங்கள்

ஜெனரேட்டருக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்த்தேன். கல்யாண சீசனுக்காக வாங்கி வைத்தது இரண்டு கேன். அதில் ஒன்று ஏற்கெனவே பாதி. பக்கத்து ஊரில் வாங்கலாமென்றால் பக்கத்து ஊருக்குப் போக ரோடு இல்லை. ஆம்புலன்ஸ் வராது. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாங்கும். அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிக்கு என்று டாக்டர் கொடுத்தது. அதைத் தொடக் கூடாது.

ஆகவே நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். இதற்கு முன் அதைப் பயன்படுத்தியது எப்போது என்று மணிமொழி கேட்டாள். மணிமொழி அக்காவின் மகள். காலேஜில் வணிகவியல் படிக்கிறாள், வீட்டில் என்னைத் திருத்துகிறாள்.

கணக்கு இப்படி. வீட்டில் இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800. இன்வெர்ட்டர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டது போக 1500 என்று வை. அதை 345 ஆல் வகுத்தால் நாலு மணி நேரச் சொச்சம். பகலில் ஜெனரேட்டரை ஓட்டினால் மிஷினும் ஓடும், பேட்டரியும் ஏறும். நிறுத்தினால் நாலு மணி நேரம் பேட்டரி.

நாலு போதாது. எட்டு வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. மிஷினின் முன்னால் ஒரு திருகு இருக்கிறது. அதன்மேல் கண்ணாடிக் குழாயில் ஒரு குண்டு மிதக்கும். குண்டு அஞ்சில் நின்றால் நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர். இருபத்தைந்து வருஷமாக வால்யூம் திருகைத் திருப்பியவன் நான். வால்யூமைக் குறைத்தால் கரண்ட் குறையும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருகை இரண்டுக்கு இறக்கினேன்.

"மாமா, டாக்டர் அஞ்சு வைக்கச் சொல்லியிருக்காரு," என்றாள் மணிமொழி.

"டாக்டர் மைக் செட் வச்சிருக்காரா?"

"குறைச்சா எவ்வளவுடா மிச்சமாவும்?" என்றாள் அக்கா.

"பாதிக்கு மேலக்கா. மிச்சம் புடிக்கிறதுல மெட்ராஸ் முழுக்க சீரியல் லைட்டு போடலாம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. மணிமொழி என்னை முறைத்த முறைப்பில் கரண்ட் எடுக்க முடிந்திருந்தால் ஊருக்கே போதும்.


டிசம்பர் 3, செவ்வாய்

விரல் மீட்டர் கெட்டுவிட்டது. ஈரக் காற்றில் பைத்தியம் பிடித்துவிட்டது போலிருக்கிறது, அக்கா விரலில் 84 என்கிறது. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. என் விரலைக் கண்டால் அதற்குப் பயம்.

பேட்டரியும் கிழடு. எட்டு மணி நேரம் என்று நான் உத்தரவிட்டிருக்கிறேன். அது நாலு மணி நேரத்தில் கூவிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதை விற்ற கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தேன். கேன் ஒன்று காலி.

"இன்னும் கொறைடா," என்றாள் அக்கா. இப்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்துகிறாள். "எனக்கு ஒண்ணு... போதும். எண்ணெ... தீந்துருச்சுன்னா?"

"எண்ணெயா? என்கிட்டயா? அரபு நாட்டுல இருந்து குழாய் போட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணால் திருகைக் காட்டினாள். ஒன்றுக்கு இறக்கினேன்.

சாயங்காலம் கஞ்சி கொடுத்தோம். நாலு ஸ்பூன். நாவல்பழம் தின்றவள் மாதிரி உதடு. நாவல்பழத்துக்கு இது சீசன் இல்லை.

இன்றைக்குத் தகரக் கொட்டகையைப் பற்றிப் புதுத் தகவல் எதுவும் இல்லை.


டிசம்பர் 4, புதன், காலை

புயலில் இடிந்து கிடந்த என் மைக் செட் கடைக்குள் புகுந்து டாங் டெஸ்டரைத் தோண்டி எடுத்தேன். நண்டு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற மீட்டர். பேட்டரிக்காரன் மேல் வழக்குப் போடச் சாட்சி வேண்டுமே. மிஷின் வயரைப் பிரித்து மாட்டினேன். பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

திருகைப் பழையபடி அஞ்சுக்கு வைத்துவிட்டேன். காரணம் தொழில் ரகசியம்.

விரல் மீட்டருக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது. 90. பிறகு 91.

"ஏண்டா கூட்டுன?" என்றாள் அக்கா. எண்ணெய் நிறைய இருக்கிறது என்று சொன்னேன். கேனின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது.


டிசம்பர் 5, வியாழன்

நேற்று மத்தியானம் நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. கை நடுக்கம் இல்லை. பேனா நடுங்குகிறது.

ஊரே திரண்டு வந்தது. முன்னால் தவமணியின் ட்ராக்டர், பின்னால் டிரெய்லர், அதைச் சுற்றி லட்சம் பேர். சரி, நாற்பது பேர். எல்லோர் கையிலும் காலிக் குடம். பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் காலியாகி மூன்று நாள். குளம் முழுக்கக் கடல் தண்ணீர். டேங்குக்கு ஏற்றும் மோட்டாரை ஓட்ட என் ஜெனரேட்டரைத் தூக்கிப் போக வந்திருக்கிறார்கள்.

தவமணிக்கு என் வயது. சின்னதிலிருந்தே என்னை மச்சான் என்பான். நேற்று அப்படிக் கூப்பிட்டபோது அதில் உறவு இல்லை.

"மச்சான், பத்து கே.வி.ஏ.வ வச்சுக்கிட்டு ஒரே ஒரு மிஷினுக்கு ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியே. பச்சப்புள்ளைவொ தொண்ட வறண்டு கெடக்குதுவொ. ரெண்டு மணி நேரம் குடு, கொண்டாந்து வச்சிடுறோம்."

"அது பத்து இல்லடா."

"பின்ன?"

"ரெண்டு. ரெண்டு புள்ளி ஒண்ணு."

கூட்டம் சிரித்தது. இருபத்தைந்து வருஷம் திருவிழா மைக்கில் நான் விட்ட கதைகளையெல்லாம் ரசித்தவர்கள். நான் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னேன், அதற்கும் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"எங்க பாட்டனார் கப்பல் வச்சிருந்தாருன்னியே, அந்த மாதிரியா?" என்றான் ஒருவன்.

"டேய், சத்தியமாடா. அது பெயிண்ட்டுடா! ஒங்க மோட்டாரு அஞ்சு எச்.பி. மூவாயிரத்து எழுநூறு வாட்டு. கெளம்பறப்ப அதப் போல அஞ்சு மடங்கு இழுக்கும். இதுல மாட்டுனா அடுத்த நிமிஷம் பொகதான் வரும். ஒங்களுக்குத் தண்ணியும் வராது, எங்க அக்காளுக்கு..."

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்கா அறைச் சன்னல் திறந்திருந்தது.

தவமணி ஜெனரேட்டரின் கைப்பிடியில் கையை வைத்தான். அப்போது மணிமொழி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் அருவாமணை. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் குனிந்து, சிவப்பு எழுத்துக்கு அடியில் பெயிண்ட் மூடியிருந்த தகட்டை அருவாமணையின் முனையால் சுரண்டத் தொடங்கினாள். பத்தின் பூஜ்யம் போயிற்று. ஒன்று போயிற்று. அடியில் கம்பெனிக்காரன் அடித்த எழுத்து வெளியே வந்தது. 2.1 KVA.

தவமணி குனிந்து படித்தான். உமையாள் என்கிற கிழவி, பஞ்சாயத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகத் திட்டக்கூடியவள், "அடப்பாவி, எம் பேத்தி கல்யாணத்துக்கு இதயா பத்துன்னு ஓட்டுன?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இரண்டு தடவை விக்கி நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

உள்ளே பேட்டரியில் மிஷின் ஓடியது. அதுவும் காலையிலிருந்து பாதிதான் ஏறியிருந்தது. சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. மணிமொழி ஓடிப்போய்த் தொடக் கூடாத சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். இனி இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் நாற்பது காலிக் குடம். தவமணி ட்ராக்டரை நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினின் பக்கத்தில் பெல்ட் சுற்றுகிற உருண்டை. ஆல்டர்னேட்டர், என்ஜின் ஓடும்போது கரண்ட் செய்கிற சாமான். எழுந்துபோய் அதன் தகட்டில் இருந்த சேற்றைத் துடைத்தேன். 12 வோல்ட், 36 ஆம்பியர்.

345 வாட்டை 12 ஆல் வகுத்தால் 29. இன்வெர்ட்டரின் கமிஷனையும் சேர்த்தால் 34. முப்பத்தாறில் முப்பத்துநாலு. மிச்சம் இரண்டு.

"தவமணி," என்றேன், "ஒன் ட்ராக்டரக் குடுறா."

"என்னாத்துக்கு?"

"மூச்சுக்கு."

இந்த ஒரு வார்த்தையைக் கூட்டம் நம்பியது. ஏன் என்று தெரியவில்லை.

ட்ராக்டரைச் சன்னலுக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, புகை அந்தப் பக்கம் போகும்படி திருப்பினான். ஹாரன் ஸ்பீக்கருக்கு இழுக்கிற வயர் ஒன்றால் ட்ராக்டர் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைத்தேன். மிஷினைப் போட்டேன். ஓடியது. எண்ணிப் பத்து மூச்சு விடுவதற்குள் இன்வெர்ட்டர் மறுபடி கூவி மிஷினை நிறுத்திவிட்டது.

"இதுவும் பெயிண்ட்டா?" என்றான் தவமணி. கிண்டல் இல்லை. பயந்துபோயிருந்தான்.

மறுபடி போடச் சொல்லி மீட்டரை வைத்தேன். ட்ராக்டர் பேட்டரியில் 13.8 வோல்ட். இன்வெர்ட்டரில் வந்து சேரும்போது 10.4. வழியிலேயே 3.4 வோல்ட்டைத் தின்பது யார்? என் வயர். 3.4 ஐ 34 ஆல் வகுத்தால் வயரின் தடை 0.1 ஓம். பத்தில் ஒரு பங்கு ஓம்! திருவிழாவில் இதை நான் மதித்ததே கிடையாது. ஹாரனுக்கு ஓடுவது சொற்பக் கரண்ட், அங்கே இது தூசு. முப்பத்துநாலு ஆம்பியர் ஓடும் இடத்தில் இந்தத் தூசு அக்காவின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயரைத் தொட்டேன். சுட்டது.

"தடி வயரு இருக்கா?" என்றான் தவமணி.

"இல்ல. ஆனா இதே வயரு மூணு திருவிழாவுக்கு இருக்கு. எட்டா போடு. எட்டு வயரு சேந்தா எட்டுல ஒரு பங்குதான் தடுக்கும்."

அடுத்த ஒரு மணி நேரம் நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்து வயரை வெட்டினார்கள். பல்லால் சீவினார்கள். முறுக்கினார்கள். உமையாள் கிழவி கயிறு திரிக்கிற கையால் எட்டையும் ஒன்றாகத் திரித்தாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருப்பதாக மணிமொழி சன்னலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

மாட்டினோம். மிஷினைப் போட்டேன். இன்வெர்ட்டரில் 13.4. கூவவில்லை. எல்லோரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கூவவில்லை.

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு உமையாள் கிளம்பினாள். "தண்ணிக்கு?" என்றேன்.

"எளநி கெடக்கு, சாஞ்ச மரத்துல. குடிச்சிட்டுக் கெடப்போம். அவ எதக் குடிப்பா?"


டிசம்பர் 6, வெள்ளி

ட்ராக்டர் ஓடுகிறது. எந்தெந்தப் படகில், எந்தெந்த வண்டியில் எத்தனை டீசல் இருக்கிறதோ அத்தனையும் பாட்டில் பாட்டிலாக வாசலுக்கு வருகிறது. டீசல் ஊற்றுகிறவன் தவமணி, பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது நான். மற்ற ஆம்பிளைகள் ரோட்டில் மரம் அறுக்கிறார்கள்.


டிசம்பர் 7, சனி

ரோடு திறந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியின் பின்னால் ஊரே ஓடியது என்றும், பத்தாயிரம் வாட்ஸில் நான் வழியனுப்புப் பாட்டுப் போட்டேன் என்றும் எழுத ஆசைதான். பாட்டு இல்லை. ட்ராக்டரை நிறுத்தியதும் வந்த அமைதியில் தவமணி ஓரமாகப் போய்த் திரும்பி நின்றான். தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது.


டிசம்பர் 10, செவ்வாய்

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி. சுவரிலிருந்தே ஆக்சிஜன் வருகிறது. மீட்டர் 93. இன்னும் சில நாள் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நடுவில் சில நாள் ஆக்சிஜன் குறைந்துபோனதில் இதயம் கொஞ்சம் களைத்திருக்கிறதாம். ஏன் குறைந்தது என்று கேட்டார். புயல் என்று சொன்னேன்.

மத்தியானம் அக்காவுக்கு இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். தகரக் கொட்டகைக்குச் சிரித்தாள். அருவாமணைக்குச் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"திருகக் கொறச்சோமே, எவ்வளவுடா மிச்சமாச்சு?"

"நெறையக்கா. அது இல்லன்னா செவ்வாக்கெழமையே எண்ணெ தீந்துருக்கும். நீதான் ஒன்னயே காப்பாத்திக்கிட்ட."

"நாந்தான கொறைக்கச் சொன்னேன்," என்றாள். பெருமையாகக் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். என் பொய்யை அவள் கண்டுபிடிக்காதது இதுதான் முதல் தடவை.

இந்தப் பக்கத்தை மட்டும் அவளுக்கு வாசிக்கப்போவதில்லை.

இந்த நோட்டில் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். தகரக் கொட்டகை இரண்டு வீடு தள்ளித்தான் விழுந்தது. கூட்டம் நாற்பது கூட இல்லை. பாட்டனாரிடம் ஓட்டைத் தோணிதான் இருந்தது. பயப்படவில்லை என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். அந்த மிஷினுக்குள் இருப்பது ஸ்பீக்கர் இல்லை, மோட்டார். திருகை எங்கே வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் ஓடும். குறைத்தால் மிச்சம் ஆவது கரண்ட் இல்லை, அவளுக்குப் போகவேண்டிய காற்றைத்தான் அது வீணாக வெளியே விடும். புதன்கிழமை காலையில், திருகு ஒன்றில் இருந்தபோது டாங் டெஸ்டர் காட்டியது ஒன்றரை ஆம்பியர். அஞ்சுக்கு வைத்தேன். ஒன்றரை ஆம்பியர்.